அம்மா வயிற்றில் வெள்ளைப் புள்ளிகள்

"வீட்ல என்ன சாப்பிடுவாங்க?" என்று டாக்டரம்மா கேட்டதும் நாங்கள் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தோம். அப்பா ஃபேனைப் பார்த்தார். அக்கா தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தாள். நான் வெளிச்சப் பெட்டியில் மாட்டியிருந்த ஸ்கேன் படத்தைப் பார்த்தேன். அம்மா மட்டும்தான் டாக்டரை நேராகப் பார்த்தாள்.

"சோறு, ரசம், மோரு. அதுக்கு மேல எதுவும் எறங்கல டாக்டர்."

பொய். ஆனால் அவ்வளவு சுத்தமாகச் சொன்னாள்.

இது 2003. நான் திருவண்ணாமலையில் பி.எஸ்சி. கடைசி வருஷம். அப்பாவுக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை, வீடு அதற்குப் பக்கத்திலேயே வேங்கிக்காலில். அதற்கு முந்தின வருஷம் அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து, கேன்சர் என்று சொல்லி, வேலூரில் ஆபரேஷன் செய்து, ஊசியெல்லாம் போட்டு முடித்திருந்தார்கள். கொட்டிப்போன முடி ஸ்கூல் பையன் கிராப் அளவுக்கு வளர்ந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நான் நண்பர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடியும் விட்டேன். ஆனால் அம்மா மட்டும் வெளுத்துக்கொண்டே போனாள். நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். ஊசி போட்ட உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னோம். டாக்டரம்மா எதற்கும் வயிற்றை ஒரு ஸ்கேன் எடுத்து, பழைய நோய் ஈரலுக்குப் போயிருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார்.

ஈரலில் ஒன்றும் இல்லை. அதைச் சொன்னபோது அப்பா கை கூப்பினார். டாக்டரம்மா அந்தக் கை கீழே இறங்கும்வரை காத்திருந்து, "ஆனா எதிர்பாக்காத எடத்துல ஒண்ணு தெரியுது" என்றார்.

பெருங்குடல் நெடுக வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். சுண்ணாம்பை விரலில் தொட்டுத் தெளித்த மாதிரி. வலது பக்கம் கீழே குடலின் சுவர் ஓரிடத்தில் தடித்திருப்பது போலவும் தெரிந்தது. போலத்தான். அந்த வெள்ளைகளின் பளபளப்பில் அந்த இடம் மட்டும் கலங்கலாக விழுந்திருந்தது. பழைய நோய்தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறதா, வேறு ஏதாவதா, ஒன்றுமே இல்லையா, இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றார். வயிற்று எக்ஸ்ரேக்கு முன்னால் கூழ் மாதிரி வெள்ளையாக ஒன்றைக் குடிக்கக் கொடுப்பார்களே, அது எங்காவது குடித்தாளா என்று கேட்டார். இல்லை. நாட்டு மருந்து, பஸ்பம், லேகியம்? திட்டுகிற குரலில் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள்.

அப்படியென்றால் அடுத்த வாரம் வயிற்றைச் சுத்தம் செய்துவிட்டு, பின்பக்கமாகக் குழாய் விட்டுக் கேமராவில் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். எங்கள் அம்மா ஊசி போட இடுப்புப் புடவையை நகர்த்தச் சொன்னாலே நர்சோடு சண்டை போடுகிறவள். இதற்கு மட்டும் உடனே, "பாத்துக்கலாம் டாக்டர்" என்றாள். எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும்.

அந்த வெள்ளை என்னவென்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

திருநீறு.

எங்கள் ஊரில் திருநீறு சாப்பாட்டிலும் சேராது, மருந்திலும் சேராது. நெற்றியில் பூசிவிட்டு விரலில் ஒட்டியதை வாயில் போட்டுக்கொள்வது மூச்சு விடுகிற மாதிரி. ஒரு டாக்டர் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் யாருக்கும் அது ஞாபகத்துக்கே வராது. எங்களுக்கு வந்தது. ஏனென்றால் அம்மா தின்றது விரலில் ஒட்டிய அளவு இல்லை.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் நான் பெரிய பகுத்தறிவு சிங்கம். "பாறையை எதுக்குடா ராத்திரியெல்லாம் சுத்துறீங்க, அது எங்கயும் ஓடிடாது" என்று கேண்டீனில் உட்கார்ந்து சீன் போடுவேன். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன மாதமே பௌர்ணமிக்கு மலையைச் சுற்றக் கிளம்பிவிட்டேன். கூட்டத்தில் கிளாஸ்மேட் எவனாவது பார்த்துவிடுவானோ என்று தலையில் தொப்பி வேறு. பதினாலு கிலோமீட்டர் செருப்பில்லாமல் நடந்து, வழியில் இருக்கிற லிங்கம் ஒவ்வொன்றிலும் திருநீறு வாங்கி, பேப்பரில் மடித்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவேன். விடிந்து வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிற்பாள். பொட்டலத்தைப் பிரித்து, பூசிக்கொண்டு, ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவாள். அந்தக் கண்ணை மூடுகிற காட்சிக்காகவே அடுத்த மாதமும் நடக்கலாம் போலிருக்கும். என் அம்மா பிழைத்து எழுந்தது என் காலால்தான் என்று எனக்குள் ஒரு கெத்து. வெளியே சொல்ல முடியாத கெத்து என்பதால் அது இன்னும் ஊதிக்கொண்டே போனது.

அதிலும் அம்மா கறார். அடி அண்ணாமலை தாண்டி இருக்கிற ஒரு லிங்கத்தில் மட்டும் ஜாஸ்தி வாங்கி வரச் சொல்வாள். "கடையில வாங்காதடா, அதுல செண்டு போட்டிருப்பான். அங்க குடுக்கிறதுதான் பொகை வாசனையா இருக்கும்." அம்மா பிறந்தது அடி அண்ணாமலை. பிறந்த மண்ணின் மேல் எவ்வளவு பக்தி என்று நான் உருகிப் போனேன்.

ஸ்கேன் பார்த்துவிட்டு வேலூரிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். போளூர் தாண்டியதும் அப்பா என் பக்கம் குனிந்தார்.

"டேய், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

அப்பா திங்கட்கிழமை தோறும் ஆபீஸ் முடிந்து பெரிய கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். இலையில் மடித்துத் திருநீறு கொண்டுவருவார். அம்மா அதை வாங்கி வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்து, ஆபீசில் எல்லோரிடமும் என் வீட்டுக்காரி பக்தியிலேயே நோயை ஜெயித்துவிட்டாள் என்று சொல்லி வைத்திருந்தார். அவர் முடிப்பதற்குள் முன் சீட்டிலிருந்து அக்கா திரும்பினாள். அக்காவைக் கொடுத்திருந்தது செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கம். வெள்ளைக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விடுகிற வீடு. அவள் மாமியாருக்கு யாரோ பசுஞ்சாணத்தில் சுட்டு வீட்டிலேயே தயாரித்துக் கொடுக்கிற திருநீறு வரும். அக்கா வெள்ளிக்கிழமை வரும்போதெல்லாம் அதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். பொட்டலத்தில் இல்லை.

"ஹார்லிக்ஸ் பாட்டில்லப்பா" என்றாள். அழுகிற குரல்.

நானும் என்னுடையதைச் சொன்னேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? கிரிவலமா?" அந்த நிலைமையிலும் அவருக்கு முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது. உடனே வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு யாருடைய திருநீறு அம்மா வயிற்றுக்குள் நிற்கிறது என்று சண்டை. அக்கா தன்னுடையதுதான் என்றாள், பாட்டில் கணக்கு. அப்பா வாராவாரம் என்றார். நான் எல்லா லிங்கமும் என்றேன். "ஒன்னுது கம்மிடா, மாசத்துக்கு ஒருவாட்டிதான" என்று அக்கா என்னைத் தள்ளிவிட்டாள். எனக்குக் கோபம்கூட வந்தது. பாவத்துக்குப் பங்கு கேட்டு மூன்று பேர் ஒரு பஸ்ஸில் கிசுகிசுவென்று அடித்துக்கொண்டோம். டாக்டரிடம் சொல்லலாம் என்றேன். சாமி திருநீற்றைக் கொண்டுபோய் டாக்டரிடம் குற்றம் சொல்வதா என்று அப்பா தயங்கினார். அக்காவுக்கு டாக்டர் சிரிப்பாரே என்று பயம். முடிவெடுக்காமலேயே ஊர் வந்துவிட்டது.

மறுநாள் காலை அப்பா ஆபீஸ் போனதும் சமையல்கட்டுக்குப் போனேன். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நாங்கள் கொடுத்ததால்தான் இப்படி ஆனது, நான் டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன், இனிமேல் யாரும் கொண்டுவர மாட்டோம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். அம்மா குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"நீங்க குடுத்ததுனால இல்லடா. எனக்குத் துன்னணும்னு இருக்குது."

எனக்குப் புரியவில்லை.

"சோத்தப் பாத்தா கொமட்டுது. அந்தத் துன்னூறு மட்டும் புடிக்குது. பல்லுல நரநரன்னு, அந்தப் பொகை வாசனையோட. ஒரு நாளைக்கு இல்லன்னா கை நடுங்குது. பீடி குடிக்கிறவன் மாதிரி ஆயிட்டேன்."

பவுடர் டப்பாவைக் கழுவி அதில் போட்டு வைத்திருக்கிறாளாம். சமைக்கும்போது ஒரு வாய், துணி துவைக்கும்போது ஒரு வாய். தீர்ந்துபோனால் அக்காவுக்குப் போன் போட்டு வெள்ளிக்கிழமை சீக்கிரம் வரச் சொல்வாளாம். அவள் கண் மூடுவதைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சாமி நெனப்பே கெடையாதுடா. ருசிக்குத்தான் மூடுவேன். நீ ராத்திரியெல்லாம் நடந்து வருவியே, ஒன் மூஞ்ச கூட பாக்க மாட்டேன். சட்டைப் பையத்தான் பாப்பேன்."

அப்புறம் அழுதாள். சாமி பொருளை நொறுக்குத்தீனி மாதிரி தின்றதால்தான் அந்தச் சாமி என் வயிற்றிலேயே எழுதிக் காட்டிவிட்டார் என்றாள். குழாய் விடட்டும், வெட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன், அப்பாவிடம் மட்டும் சொல்லாதே என்றாள். பக்திக்காரி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிற மனுஷன், அவர் மூஞ்சியில் எப்படி முழிப்பது என்றாள்.

அவள் அழுதுகொண்டிருந்த அந்த நேரத்தில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? கடுப்பு. ஏமாந்துவிட்ட கடுப்பு. அந்தத் தொப்பியும் கால் கொப்புளமும் எல்லாம் இதற்குத்தானா என்று. குடலில் என்ன இருக்கிறதென்றே தெரியாமல் ஒரு பெண் என் முன்னால் நின்று அழுகிறாள், நான் என் நடைக்கு மதிப்பு குறைந்துவிட்டதே என்று கணக்குப் பார்க்கிறேன். ஒரு நிமிஷம்தான். ஆனால் வந்தது வந்ததுதான்.

அடுத்த வாரம் வேலூருக்கு அம்மாவும் நானும் மட்டும் போனோம். அப்பாவுக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை என்று அம்மா சமாதானம் சொன்னாள், அவள்தான் வர வேண்டாம் என்றிருக்கிறாள். டாக்டர் அறையில் உட்கார்ந்ததும் அம்மா என் முழங்கையை நிமிண்டினாள். நான் சொன்னேன். சிரிக்காமல், என் பங்கையும் சேர்த்து, எல்லாவற்றையும்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு, அம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகங்களைத் திருப்பிப் பார்த்தார். இந்த ஆசை எப்போதிலிருந்து என்று கேட்டார். ஊசி முடிந்த கொஞ்ச நாளில் ஆரம்பித்தது, போன கோடையில் ஜாஸ்தியாகிவிட்டது என்றாள் அம்மா.

"ரத்தத்துல இரும்புச் சத்து கொறஞ்சு போனா இப்படி வரும்மா. சில பேருக்கு மண்ணு, சில பேருக்கு சாக்பீஸ், அரிசி. உங்களுக்குத் திருநீறு. சோர்வா இருக்குன்னு சொன்னப்ப ஊசி போட்டதுனாலன்னு நானும் நெனச்சிட்டேன். இந்த ஆசைய யாராவது சொல்லியிருந்தா அப்பவே தேடியிருப்பேன்."

எதைத் தேடியிருப்பீர்கள் என்று நான் கேட்டேன்.

"ரத்தம் எந்த வழியா போகுதுன்னு. அந்தத் தடிச்ச எடத்துலதான் கசியுதோ என்னவோ. அது என்னன்னு பாக்கணும்."

ஆக, குழாய் விட்டே ஆக வேண்டும். வெள்ளை என்னவென்று தெரிந்ததில் பயம் பாதியாகும் என்று நினைத்துப் போனவன் நான். இரட்டிப்பாகத் திரும்பினேன். ரத்தம் எடுத்துப் பார்த்ததில், இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு இவர் சமைத்துக்கொண்டிருந்தாரா என்று லேபில் கேட்டார்கள். முதலில் ரத்தம் ஏற்றினார்கள்.

வயிற்றைச் சுத்தம் செய்ய உப்புக் கரிக்கிற தண்ணீரை ஜக்கு ஜக்காகக் குடிக்க வைத்தார்கள். அம்மா பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஒரு தடவை வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாமலையார் மொத்தமா கெளம்பிப் போறாருடா" என்றாள். சொன்ன மறுகணமே பயந்துபோய் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் எதற்கென்று தெரியாமல் அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் வராண்டாவுக்குப் போய்ச் சிரித்தேன்.

குழாயில் தெரிந்தது கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு கட்டி. ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சதை எடுத்து அனுப்பினார்கள். ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அக்கா வெள்ளிக்கிழமை வந்தாள், வெறுங்கையோடு. அப்பா திங்கட்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. அம்மா அதைக் கவனித்துவிட்டு, "என்னால சாமி கும்புடறத கூட வுட்டுட்டாரு" என்று அதையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

கேன்சர்தான். ஆனால் பழையது பரவியது இல்லை. இது தனி. குடலில் தானாக முளைத்தது, சுவரைத் தாண்டாத ஆரம்பம். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுக் குடலை ஒட்டிவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஈரலைப் பார்க்க எடுத்த ஸ்கேனில் தற்செயலாக மாட்டியது, இன்னும் ஒரு வருஷம் போயிருந்தால் பேச்சே வேறு என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், அவர் வார்டுக்கு வந்தபோது அம்மா அவர் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி பொருள கண்டபடி துன்னதுக்கு இது தண்டனை இல்லியா டாக்டர்?"

"இல்லம்மா. தின்னதால இது வரல. இது உள்ள இருந்ததாலதான் தின்னீங்க."

அம்மா அதை ஒரு தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அத்தனை மாதமாகத் தூக்கித் திரிந்ததை அவள் அன்றைக்கு இறக்கி வைத்துவிட்டாள்.

என்னுடையது இறங்கவில்லை. அவள் ஆசைக்கு ரத்தம் காரணம். எங்களுக்கு என்ன காரணம்? அம்மா எங்கள் வீட்டுச் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பைத் தின்றிருந்தால் அன்றைக்கே அவளை டாக்டரிடம் இழுத்துப் போயிருப்போம். மண்ணைத் தின்றிருந்தால் அக்கா ஊரைக் கூட்டியிருப்பாள். திருநீறு என்பதால் நாங்கள் மூன்று பேரும் அழகு பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொரு பொட்டலம் மடித்துக் கொடுத்தோம். நம்பிக்கையுள்ள அப்பாவுக்காவது அது தெரியாமல் போக நியாயம் உண்டு. பாறை பாறை என்று கத்திக்கொண்டிருந்த நான்தான், என்னம்மா இவ்வளவு தின்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டியவன். நான் நடந்து கொண்டுவந்ததற்காகத்தான் கண் மூடுகிறாள் என்று நினைத்த பிறகு எதற்குக் கேட்கப் போகிறேன்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து, இரும்புச் சத்து மாத்திரை போடப் போட, அந்த ஆசை இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. போனதோடு நிற்காமல் எதிர்ப்பக்கம் போய்விட்டது. அந்தப் புகை வாசனை வந்தாலே அம்மாவுக்குக் குமட்டல். நெற்றியில் பூசிக்கொள்ளும்போதுகூட மூச்சை அடக்கிக்கொள்வாள்.

அடி அண்ணாமலையிலிருந்து அத்தை, அம்மாவின் அண்ணி, பார்க்க வந்தார். ரெண்டு கண்டத்தையும் அந்தச் சாமிதான் தாண்ட வைத்தது என்று சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அப்பாவும் அக்காவும் பக்கத்தில் நின்றார்கள். அவர்களுக்கு இரும்புச் சத்து வரைக்கும் தெரியும், ருசியும் பவுடர் டப்பாவும் தெரியாது. ஒரு சிட்டிகையில் என்ன ஆகிவிடப் போகிறது, பெரியவர்கள் கொடுப்பதை வேண்டாம் என்பதா என்று நின்றார்கள். அத்தை அம்மாவின் நெற்றியில் பூசிவிட்டு, "வாயத் தொற" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"டாக்டர் கூடவே கூடாதுன்னுட்டாங்க அத்த" என்று நடுவில் புகுந்து அந்தக் கையைத் தள்ளினேன். கொஞ்சம் வேகமாகவே தள்ளிவிட்டேன். திருநீறு தரையில் கொட்டியது.

அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "நாலு எழுத்து படிச்சிட்டா துன்னூறு கூட வெசமா தெரியுதா ஒனக்கு? ஒங்கம்மாவ பாத்தாவது பக்தின்னா இன்னான்னு கத்துக்கடா" என்றார். அப்பா குனிந்து தரையிலிருந்ததை விரலால் ஒற்றி எடுத்துப் பூசிக்கொண்டார். நான் எப்போதும் போல் திமிராகச் சிரித்துவைத்தேன். நல்லவேளை, எனக்கு அந்த வேஷம் நன்றாக வரும்.

அத்தை போனதும் அம்மா, "எனக்காக நீ திட்டு வாங்கறியேடா" என்றாள். உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். பெரிய தியாகமெல்லாம் இல்லை. பொட்டலம் மடித்த கைக்கு இந்தத் திட்டு ரொம்பக் கம்மி.

இப்போது அம்மா நன்றாக இருக்கிறாள். சோறு இறங்குகிறது, ஆட்டு ஈரல் வாங்கி வரச் சொல்லி அப்பாவை விரட்டுகிறாள். நான்தான் மாறிப்போனேன். அவள் வாய் அசைந்தால் என் கண் அங்கே போய்விடுகிறது. டிவி பார்க்கும்போது, துணி மடிக்கும்போது, எதையோ மெல்லுகிற மாதிரி தெரிந்தால் போதும், "இன்னாம்மா வாயில?" என்று கேட்டுவிடுவேன்.

"பொட்டுக்கடலைடா."

"காட்டு."

திட்டிக்கொண்டே வாயைத் திறந்து காட்டுகிறாள். நான் வெட்கமில்லாமல் எட்டிப் பார்க்கிறேன்.